தாய்லாந்தில் சட்டம் ஆள் பார்க்குமா? ரயோங்குக்கு வரப்போகும் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, ரயோங்கில் தொழிற்சாலை வேலை உறுதியாகிவிட்டது, மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே மூன்று கேள்வி. இங்கே பணக்காரன் என்ன செய்தாலும் தப்பித்துவிடுவான் என்கிறார்களே, உண்மையா? போலீஸ் நிறுத்தினால் காசு கொடுத்துவிட்டுப் போய்விடுவதுதான் வழியா? குடும்பத்தோடு நிம்மதியாக வாழ முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்கிறேன். வாழலாம். நான் பாங்காக்கிலும் சோன்புரியிலுமாக இருபது வருஷத்துக்கு மேல் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் பிள்ளைகள் பிறந்ததும் படித்ததும் இங்கேதான். ராத்திரி பத்து மணிக்கு என் மனைவி தனியாகத் தெருமுனைக் கடைக்குப் போய்வருவாள், ஒருவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் முதல் கேள்விக்கு அவ்வளவு லேசாகப் பதில் சொல்ல முடியாது.

2012 செப்டம்பர் 3, விடியற்காலை. பாங்காக் சுகும்வித் சாலையில் ரோந்து போய்க்கொண்டிருந்த விச்சியன் என்ற காவலரை ஒரு ஃபெராரி மோதிக் கொன்றது. குற்றம் சாட்டப்பட்டவர் ரெட் புல் குடும்பத்து வாரிசு வொராயுத் யூவித்யா. விசாரணைக்கு வரச்சொல்லி அழைப்புமேல் அழைப்பு போனது, அவர் வரவில்லை. அதிவேகமாக ஓட்டிய குற்றத்துக்கு வழக்குத் தொடரச் சட்டம் தரும் காலம் முடிந்து, 2013லேயே அது காலாவதி ஆனது. 2017ல் அவர் நாட்டை விட்டே போய்விட்டார். அதே வருஷம், மோதிவிட்டு நிற்காமல் போன குற்றமும் காலாவதி. 2020ல் அரசு வழக்கறிஞர்கள் மிச்சமிருந்த வழக்கையும் கைவிட, நாடே கொதித்தது. அப்புறம்தான் மறுபடி தூசு தட்டினார்கள். மரணம் விளைவித்த குற்றத்துக்கும் 2027 செப்டம்பரோடு காலம் முடிகிறது. செத்தது ஒரு போலீஸ்காரர், அதை யோசித்துப் பாருங்கள். தன் சொந்த ஆளுக்கே அந்தத் துறையால் நியாயம் வாங்கித் தர முடியவில்லை. சிறை என்பது ஏழைகளை அடைக்கத்தான் என்று இங்கே சாதாரண ஜனங்களே சொல்வார்கள். டாக்ஸி ஓட்டுநரிடம் கேளுங்கள், அதே வார்த்தைதான் வரும்.

ஆனால் ஒரேயடியாக அப்படியும் சொல்லிவிட முடியாது. 2018 பிப்ரவரியில் துங்யாய் நரேசுவான் சரணாலயத்தில் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் தலைவர் பிரேம்சாய் கர்ணசூத முகாம் போட்டிருந்தார். வனக்காவலர்கள் போய்ப் பார்த்தால் துப்பாக்கிகள், தோலுரித்த கருஞ்சிறுத்தை. யார் என்று தெரிந்தும் பிடித்தார்கள். இதுவும் அமுங்கிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். பாங்காக் சுவர்களில் இளைஞர்கள் கருஞ்சிறுத்தையை வரைய ஆரம்பித்தார்கள், அழிக்க அழிக்க வரைந்தார்கள். 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 3 வருஷம் 2 மாதச் சிறையை உறுதி செய்தது, அவர் உள்ளே போனார். முன்னாள் பிரதமர் தக்சின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். பல வருஷம் வெளிநாட்டில் இருந்தவர், ஊழல் வழக்குத் தண்டனையை அனுபவிக்க 2023 ஆகஸ்டில் நாடு திரும்பிய அன்று ராத்திரியே சிறையிலிருந்து போலீஸ் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்தே பரோலில் வீட்டுக்குப் போனார். ஜனங்கள் விடவில்லை. மருத்துவமனையில் இருந்த நாட்கள் தண்டனையில் சேராது என்று 2025 செப்டம்பரில் நீதிமன்றம் சொல்லி, ஒரு வருஷச் சிறைக்கு அனுப்பியது. பெரிய இடத்து வழக்கு நகர வேண்டுமென்றால் ஊர் முழுக்கக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாரும் பார்க்காத சின்ன வழக்குகளின் கதி என்ன என்பதுதான் எனக்கு ஆறாத கவலை.

அப்படி ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பையன், ஈசான் என்கிற வடகிழக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். ஷிஃப்ட் முடிந்து பைக்கில் போனவனை ஒரு பிக்கப் அடித்துப்போட்டது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. பிக்கப் ஓட்டியவர் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவரின் உறவு. கம்பெனி சார்பாக நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். அந்தப் பெரியவர் உள்ளே வந்ததும் விசாரணை அதிகாரி எழுந்து தலை தாழ்த்திக் கைகூப்பினார். நாற்காலி வந்தது, குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வந்தது. பையனின் அம்மா சுவரோரம் பிளாஸ்டிக் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, மடியில் இருந்த பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். யாரும் அதட்டவில்லை, மிரட்டவில்லை. எல்லாரும் மெதுவாக, மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒரு தொகையைச் சொன்னார்கள், ஆஸ்பத்திரிச் செலவுக்கே காணாது. அந்த அம்மா தரையைப் பார்த்தபடி "க்கா, க்கா" (சரிங்க, சரிங்க) என்று தலையாட்டிவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார்.

அந்த நேரத்தில் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட பைக் டாக்ஸிக்காரர் ஒருவர் வந்து தன் போனை மேஜைமேல் வைத்தார். அவர் ஹெல்மெட் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது, பிக்கப் சிவப்பு விளக்கைத் தாண்டி வந்தது உட்பட. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தொகை பல மடங்கு ஆனது, வழக்கும் நீதிமன்றம் போனது. ஓட்டியவருக்குச் சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. பையன் இன்னும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான். அந்த பைக் டாக்ஸிக்காரருக்கு இதில் ஒரு பைசா லாபம் கிடையாது, தினமும் அதே போலீஸ்காரர்கள் முன்னால் பிழைக்க வேண்டியவர். இந்த நாட்டின்மேல் நான் வைத்திருக்கும் நம்பிக்கை அவரைப் போன்றவர்கள்மேல்தான்.

இதிலிருந்து நீங்கள் செய்ய வேண்டியது: கார் வாங்கினால் முதல் நாளே முன்னும் பின்னும் கேமரா, முழுப் பாதுகாப்பு தரும் முதல் வகுப்பு இன்ஷூரன்ஸ். விபத்து என்றால் இன்ஷூரன்ஸ்காரருக்குத்தான் முதல் போன், அவர் வந்து பேசுவார். புரியாத மொழியில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. போலீஸ் 48 மணி நேரம் வரை வைத்திருக்கலாம், அதற்குமேல் நீதிமன்ற உத்தரவு வேண்டும். பெரிய குற்றமென்றால் 12 நாள், 12 நாளாக 84 நாள் வரை காவலை நீட்டிக்க முடியும். அதனால் தூதரக எண் மனைவியின் போனிலும் இருக்கட்டும்.

சாலையில் போலீஸ் நிறுத்தினால்? காசு கொடுக்காதீர்கள். ஹெல்மெட், லைசென்ஸ், பாஸ்போர்ட் நகல் எல்லாம் சரியாக வைத்திருங்கள். தப்பு உங்களுடையது என்றால் "பாய் சங்" கேளுங்கள், அபராதச் சீட்டு. சிரித்த முகத்தோடு, தாழ்ந்த குரலில் கேளுங்கள். குரலை உயர்த்தினீர்களோ, நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் காரியம் கெட்டது. மின்சிகரெட் பழக்கம் இருந்தால் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இங்கே அது தடை செய்யப்பட்ட பொருள், வெளிநாட்டுக்காரர்களிடம் காசு பறிக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

அப்புறம், வாயும் விரலும். அரச குடும்பத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ எழுதாதீர்கள், பகிராதீர்கள், அலுவலகத்தில் யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுங்கள். குற்றவியல் சட்டம் 112ஆம் பிரிவில் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 வருஷம். இணையத்தில் ஒலிப்பதிவுகளைப் பகிர்ந்த ஒரு முன்னாள் அரசு ஊழியருக்கு 2021ல் 87 வருஷம் விதித்து, ஒப்புக்கொண்டதற்காக அதைப் பாதியாக்கினார்கள். அந்தப் பெண்மணிக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல். இந்தப் பிரிவைத் திருத்துவோம் என்று சொன்ன மூவ் ஃபார்வர்ட் கட்சி 2023 தேர்தலில் 151 இடம் பிடித்து முதலில் வந்தது. நாடாளுமன்ற மேலவையான செனட் ஆட்சி அமைக்க விடவில்லை, 2024 ஆகஸ்டில் அரசியல் சாசன நீதிமன்றம் கட்சியையே கலைத்தது. எங்கள் அலுவலகத்தில் முதல் ஓட்டு போட்ட பெண்கள் அன்று சாப்பிடக்கூடப் போகவில்லை. அவதூறும் இங்கே கிரிமினல் குற்றம். 2020ல் கோ சாங் தீவு விடுதி ஒன்றைப் பற்றி இணையத்தில் குறை எழுதிய அமெரிக்கர் கைதாகி, இரண்டு ராத்திரி உள்ளே இருந்தார்.

இவ்வளவையும் மீறி இந்த ஜனங்கள் எப்படி இத்தனை சாந்தமாக இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். பார்த்த உடனே வயது கேட்பார்கள். யார் அண்ணன், யார் தம்பி என்று தெரிந்தால்தான் அவர்களுக்குப் பேச்சே வரும். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் பணிவார், கீழே இருப்பவரை மேலே இருப்பவர் தாங்குவார். எங்கள் மேலாளர் தொழிலாளி வீட்டுச் சாவுக்குப் போய், ஏழு நாள் பிரார்த்தனையில் ஒரு நாள் செலவை ஏற்றுக்கொள்வார், யாரும் சொல்லாமலே. அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் தாங்குவதா, மிதிப்பதா என்பது மேலே இருப்பவர் மனசைப் பொறுத்து நிற்கிறது. எனக்கு ஒப்பாத இடம் அதுதான்.

ஏப்ரலில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கல் நடக்கும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். 21 வயதுப் பையன்கள் வரிசையாக வந்து பெட்டிக்குள் கையை விடுவார்கள். கறுப்புச் சீட்டு வந்தால் வீடு, சிவப்பு வந்தால் படை. கறுப்பு எடுத்தவன் துள்ளிக் குதிப்பான், சிவப்பு எடுத்தவனின் பாட்டி அங்கேயே உட்கார்ந்து அழுவார். மேல்நிலைப் பள்ளியிலேயே மூன்று வருஷ ராணுவப் பயிற்சி முடித்த பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. அந்த வரிசையில் நிற்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. ஏணியில் நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். வேலை அனுமதியோடு வரும் எஞ்சினியர் நீங்கள். அதே தொழிற்சாலையில் மியான்மரிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள், ஏஜென்ட்டுக்குக் கடன்பட்டு வந்தவர்கள். அவர்களை போலீஸ் நிறுத்தினால் "பாய் சங்" கேட்கும் தைரியம் அவர்களுக்கு வராது. பல இடங்களில் அவர்கள் பாஸ்போர்ட்டை "பத்திரமாக இருக்கட்டும்" என்று சூப்பர்வைசரோ ஏஜென்ட்டோ வாங்கிப் பூட்டி வைத்திருப்பார்கள். அது இங்கேயும் சட்டவிரோதம்தான். வேலையில் சேர்ந்த முதல் வாரமே மனிதவளப் பிரிவில் கேளுங்கள், இவர்கள் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று. உங்களைப் போல் ஒருவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும், அவர்கள் கேட்டால் வேலை போகும்.