மேஜிக் அட்டைகளில் எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது? – கேள்வி பதில்

கேள்வி: 1994 முதல் 2003 வரை சேர்த்த ‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற சீட்டாட்டத்தின் அட்டைகள் நான்கு பைண்டர்களில் இருக்கின்றன. வீடு மாறுவதால் பாதியையாவது விற்க வேண்டும். எதிலிருந்து தொடங்குவது?

விலையை அப்புறம் பார்க்கலாம். அந்த அட்டை மறுபடி அச்சாகக்கூடியதா என்பதை முதலில் பாருங்கள்; மறுபடி அச்சானால் பழையதன் விலை இறங்கக்கூடும். 1995இல் வந்த குரோனிகிள்ஸ் தொகுப்பில் பழைய அட்டைகள் பல மறுஅச்சாகிச் சேகரிப்பாளர்கள் கொதித்துப் போனதால், ஆட்டத்தை வெளியிடும் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1996இல் ரிசர்வ்ட் லிஸ்ட் என்ற பட்டியலை வெளியிட்டு, அதிலுள்ளவற்றை மீண்டும் அச்சிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தது. பிளாக் லோட்டஸும், டன்ட்ரா, அண்டர்கிரவுண்ட் சீ உள்ளிட்ட பத்து டியூயல் லேண்டுகளும் (இரு நிறச் சக்தி தரும் நில அட்டைகள்) அதில் அடங்கும். 1999 அக்டோபரில் வந்த மெர்கேடியன் மாஸ்க்ஸ் முதல் எந்தத் தொகுப்புக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. 2002இல் ஆன்ஸ்லாட் தொகுப்பில் வந்த பொல்யூட்டட் டெல்ட்டா, 2014இல் கான்ஸ் ஆஃப் டார்கிர் தொகுப்பில் மீண்டும் வந்ததே இதற்குச் சான்று. ஆகவே பட்டியலுக்கு வெளியே இருப்பவற்றில், நீங்கள் ஆடாதவற்றை முதலில் கழித்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள ரிவைஸ்டு பதிப்பு டியூயல் லேண்டை, அட்டையின் நிலையைச் சோதித்துத் தரம் குறிக்கும் மதிப்பீட்டுக்கு அனுப்பிவிட்டு விற்கலாமா?

ரிவைஸ்டு அட்டைகளின் முன்பக்க ஓரம் வெள்ளை என்பதால் தேய்மானம் கண்ணில் படாது. திருப்பிப் பிடித்து, பின்பக்கத்துக் கறுப்பு ஓரத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அங்கே வெண்புள்ளிகள் தெரிந்தால் மதிப்பீட்டுக் கட்டணம் பெரும்பாலும் வீண்தான். வாங்குபவர் அசலா என்று கேட்டால், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற லென்ஸால் பின்பக்கப் பச்சை வட்டத்தைக் காட்டுங்கள்: நான்கு சிவப்புப் புள்ளிகள் ஆங்கில ‘எல்’ வடிவில் நிற்க வேண்டும்.

கேள்வி: கடைக்காரர் சந்தை விலையில் பாதிதான் தருகிறார். இது ஏமாற்றா?

இல்லை. விற்கும் வரை தன் பணத்தை முடக்கிவைப்பவர் அவர். விலையுயர்ந்த பத்துப் பதினைந்தை மட்டும் நீங்களே தனித்தனியாக விற்றுவிட்டு, மற்றதைக் கடைக்குக் கொடுங்கள்; சாதாரண அட்டைகளை ஒவ்வொன்றாக விற்க உட்கார்ந்தால் தபால் செலவுக்கே கட்டாது.

கேள்வி: மேனா கிரிப்ட் வைத்திருந்தேன், தடை வந்து விலை சரிந்துவிட்டது. இப்போதாவது விற்றுவிடலாமா?

2024 செப்டம்பர் 23 அன்று மேஜிக்கின் ஓர் ஆட்டமுறையான கமாண்டரில் மேனா கிரிப்டும் ஜுவல்டு லோட்டஸும் தடைசெய்யப்பட்டன. ஒரு வாரத்தில் அந்த ஆட்டமுறையின் விதிப் பொறுப்பே தனிக்குழுவின் கையிலிருந்து விசர்ட்ஸ் நிறுவனத்துக்குப் போய்விட்டது. சரிவு நடந்து முடிந்த கதை. அவசரப்பட்டு விற்பதால் இறங்கிய விலை திரும்பப்போவதில்லை. பணம் உடனே தேவையென்றால் விற்றுவிடுங்கள், இல்லாவிட்டால் பைண்டரிலேயே கிடக்கட்டும். ஆடுவோரின் தேவையால் மட்டும் ஏறிய விலை, விதி மாறினால் ஒரே நாளில் இறங்கிவிடும் என்பதை மற்ற அட்டைகளுக்காவது நினைவில் வையுங்கள்.

கேள்வி: விற்றபின் வருந்துவேனோ என்று தயக்கமாக இருக்கிறது.

நான் விற்ற டன்ட்ராவை நினைத்து ஒரு நாளும் வருந்தியதில்லை. மொத்தமாக எடைக்குப் போடுவதுபோல் கொடுத்த பெட்டியில், முதன்முதலில் ஆடிய நான்கு லானோவர் எல்வ்ஸும் போய்விட்டன. அவற்றின் விலை ஒரு தேநீருக்குக்கூடக் காணாது, ஆனால் மூலை மடிந்த அந்த நான்கையும் இன்றும் தேடுகிறேன். பெட்டியைக் கட்டுவதற்கு முன் உங்கள் முதல் சீட்டுக்கட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.