இசையை விட்டுவிடலாமா என்று கேட்கும் தம்பிக்கு

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 24. எலக்ட்ரானிக் இசை செய்கிறேன், டிஜேயாகவும் இருக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது ஸ்வீடன் டிஜே அவீச்சியின் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு லேப்டாப்பில் பீட் போட ஆரம்பித்தவன். நான் வெளியிட்ட ஒரு டிராக் எதிர்பாராமல் நிறையப் பேரிடம் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து எல்லா இடத்திலும் கூப்பிடுகிறார்கள், வார இறுதி முழுக்க மேடையில் வாசிக்கும் செட் இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு நான் ஜெயித்துவிட்டவன்.

ஆனால் அதற்கப்புறம் ஒரு டிராக்கைக்கூட நான் முடிக்கவில்லை. எல்லாம் எட்டு பார் லூப்போடு, திரும்பத் திரும்ப ஓடும் சின்னத் துண்டாகவே நிற்கின்றன. ராத்திரி ப்ராஜெக்டைத் திறப்பேன், கிக் டிரம் சத்தத்தை மாற்றுவேன், மறுபடி பழைய கிக்கையே வைத்து மூடிவிடுவேன். 'முதல் டிராக் மாதிரி இல்லையே' என்று சொல்லிவிடுவார்களோ என்று நினைத்தாலே கை ஓடுவதில்லை. ஒலிகளைக் கலந்து செய்யும் மிக்ஸ் எல்லாம் மந்தமாகக் கேட்கிறது. ஹை-ஹாட் தாளத்தட்டின் கூர்மையான சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறேன். நண்பனுக்குப் போட்டுக் காட்டினால் காதைக் குத்துகிறது என்கிறான். என் திறமை போய்விட்டது என்றுதான் தோன்றுகிறது.

செட் முடிந்து வந்தால் விடியும்வரை தூக்கம் வராது. குடித்தால்தான் கண் மூடுகிறது. திங்கள், செவ்வாயில் யாரிடமும் பேசப் பிடிக்காது, எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று இருக்கும். ஒரு தேதியை வேண்டாம் என்றால் மேனேஜர், 'இப்போது விட்டால் மறந்துவிடுவார்கள்' என்கிறார். அப்பா, 'ஆடியது போதும், ஒரு வேலையைத் தேடு' என்கிறார். விட்டுவிடலாமா? நேரான பதில் வேண்டும்.

பின்குறிப்பு: செட் முடிந்தால் காதில் 'கொய்' என்று ஒரு சத்தம் இருக்கும், மறுநாள் போய்விடும். கொஞ்ச நாளாகப் போகவில்லை. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் இருப்பதுதானே?

பதில்:

அன்புத் தம்பிக்கு,

நேரான பதில் கேட்டீர்கள். விட வேண்டாம், தொடரவும் வேண்டாம், இப்போதைக்கு எந்த முடிவும் எடுக்க வேண்டாம். தூங்காத உடம்போடும் இரைகிற காதோடும் எடுக்கும் முடிவு எதுவாக இருந்தாலும் அதை நான் நம்ப மாட்டேன்.

கடிதத்தில் எல்லாவற்றையும்விட அவசரமானதைப் பின்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இருப்பதுதான் என்று இதை விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து, செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலுக்கு வந்தால் 15 நிமிடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022ல் கேளிக்கைக் கூடங்களுக்கு வகுத்த உச்ச வரம்பே சராசரி 100 டெசிபல். நீங்கள் நிற்பது டிஜே வாசிக்கும் பூத்தில். அங்கே மானிட்டர் ஸ்பீக்கரை மீறிக் கேட்க ஹெட்ஃபோனையும் ஏற்றுவீர்கள். நேரம் போகப் போகக் காது மங்கும், இன்னும் கொஞ்சம் ஏற்றுவீர்கள். உள்காதில் ஒலியை உணரும் மயிர்செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

இப்போது அந்த ஹை-ஹாட்டுக்கு வருகிறேன். ஒலியால் காது அடிபடும்போது பொதுவாக உயர்ந்த ஒலிகள்தான் முதலில் மங்கும். உங்களுக்கு மந்தமாகக் கேட்பது நண்பனுக்குக் காதைக் குத்துகிறது. திறமை போய்விட்டது என்று நீங்கள் எடுத்துக்கொண்டதற்குக் காதே காரணமாக இருக்கலாம். பரிசோதனை செய்யாமல் நான் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பரிசோதிக்காத காதை வைத்து உங்கள் திறமைக்குத் தீர்ப்பு எழுதுவது அநியாயம். அதுவரை அந்த மிக்ஸ்களில் கை வைக்காதீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே இயர்பிளக் இருக்கிறது. பஞ்சு மாதிரியான சாதாரண இயர்பிளக் உயர்ந்த ஒலிகளை அதிகமாக அடைத்துவிடும், இது எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். அது இல்லாமல் பூத்துக்குள் போகாதீர்கள்.

அடுத்தது, திங்கட்கிழமை. 'எதற்கு எழுந்திருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்: செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? ஆம் என்றால் இன்றே நீங்கள் நம்பும் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு மனநல மருத்துவரிடம் போங்கள். இல்லை என்றாலும், வாரா வாரம் இப்படி வருகிற சோர்வை ஒரு மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். குடி உங்களைச் சீக்கிரம் தூங்க வைக்கும், பின்பாதித் தூக்கத்தை உடைத்துவிடும். இரண்டு இரவு அப்படிக் கழிந்தால் திங்கட்கிழமை உடம்பும் மனசும் எப்படி எழும்? தினமும் குடிக்கும் நிலை என்றால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் சொல்லும் முறையில் குறையுங்கள்.

மேனேஜர் சொல்வதைப் பற்றி. அவீச்சியின் பெயரை நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். 2014ல் அவருக்குப் பித்தப்பையையும் குடல்வாலையும் எடுக்க வேண்டி வந்தது. 2016 மார்ச்சில், 26 வயதில், இனி மேடை ஏறப் போவதில்லை என்று அறிவித்தார். அந்த ஆகஸ்டில் ஸ்பெயினின் இபிசா தீவில் கடைசியாக வாசித்தார். மேடையை விட்டவர் இசையை விடவில்லை. 2017ல் புதுப் பாடல்கள் வந்தன, மக்கள் கேட்டார்கள். 2018 ஏப்ரலில், 28 வயதில், அவர் இறந்தது உங்களுக்கும் தெரியும். ஒரு மரணத்துக்கு இதுதான் காரணம் என்று வெளியிலிருந்து யாரும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். தேதிகளைக் குறைத்தால் மறந்துவிடுவார்கள் என்ற மிரட்டல் அவர் விஷயத்தில் பலிக்கவில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மேனேஜரிடம் காரணங்களை அடுக்க வேண்டாம். 'மருத்துவர் ஓய்வு சொல்லியிருக்கிறார், இந்தத் தேதிகள் வேண்டாம்' என்றால் போதும்.

முடியாத டிராக்குகள் எனக்கு அவ்வளவு கவலை தரவில்லை. டிஜே செய்வதும் டிராக் செய்வதும் இரண்டு வேலை. ஒன்றுக்கு ராத்திரியும் கூட்டமும் வேண்டும், மற்றதற்குத் தெளிந்த காதும் தனிமையும் வேண்டும். முதலாவது போக மிச்சமிருப்பதைத்தான் இரண்டாவதற்குக் கொடுக்கிறீர்கள். செட்டுக்கு மறுநாள் ப்ராஜெக்டைத் திறக்கவே வேண்டாம். காது சரி என்று மருத்துவர் சொன்ன பிறகு, பகலில், ஒரே ஒரு லூப்பை எடுங்கள். கிக்கைத் தொடாமல், ஆரம்பம் முதல் முடிவு வரை மோசமாகவாவது நீட்டிவிடுங்கள். அதை வெளியிட வேண்டாம். பெயர் சொல்லாமல் உங்கள் செட்டின் நடுவில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். யார் செய்தது என்று தெரியாத கூட்டம் அதை உங்கள் முதல் டிராக்கோடு ஒப்பிடாது. டிஜேயாக இருப்பதால் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய வசதி இது.

அப்பாவிடம் இப்போது தொழிலைப் பற்றி வாதாட வேண்டாம். காதில் சத்தம் நிற்கவில்லை என்று சொல்லி, மருத்துவரிடம் கூட வரச் சொல்லுங்கள். பரிசோதனையில் என்ன வந்தது என்பதையும், திங்கட்கிழமை பற்றி நான் கேட்ட கேள்விக்குப் பதிலையும் எனக்கு எழுதுங்கள். வேலையா இசையா என்று அதற்கப்புறம் பேசுவோம்.