க்ளைன், மொரியாமா: யார் குரு? (கடிதம்)

வணக்கம் சார்,

லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் 2012இல் வில்லியம் க்ளைனையும் டைடோ மொரியாமாவையும் சேர்த்து வைத்த புகைப்படக் கண்காட்சியைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எனக்கு ஓர் உறுத்தல். நியூயார்க்கை எடுத்த அமெரிக்கர், டோக்கியோவை எடுத்த ஜப்பானியர் என்று ஜோடி சேர்த்தால், முன்னவர் குரு, பின்னவர் அவரைப் பார்த்து எடுத்தவர் என்றுதானே பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உறுத்தல் நியாயமானதுதான். ஆனால் க்ளைனின் நியூயார்க் புத்தகம் தன்னை உலுக்கியதை மொரியாமாவே ஒளிக்காமல் சொல்லிவந்திருக்கிறார். அதனால் அவர் ஒரு படி கீழே இறங்கிவிட்டாரா என்பதைப் படங்களை வைத்துத்தான் பேச வேண்டும்.

க்ளைனின் துப்பாக்கிப் பையன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி முனை லென்ஸுக்கு முன்னால் மங்கலாக நீட்டிக்கொண்டிருக்கிறது, பின்னால் பையனின் முகம் வெறியில் கோணியிருக்கிறது, பக்கத்தில் இன்னொரு சின்னப் பையன் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். முறைத்துப் பார் என்று க்ளைன் கேட்டு, பையன் நடித்துக் காட்டியது அது. க்ளைன் கூட்டத்துக்குள் புகுந்து வம்பு இழுத்துப் படம் எடுத்தவர், அவர் அங்கே நின்றது எல்லோருக்கும் தெரியும்.

மொரியாமா அப்படி இல்லை. 1971இல் மிசாவாவில் அவர் எடுத்த தெருநாய் தலையைத் திருப்பிப் பார்க்கிறது. அதன் முடி எது, படத்தின் கிரெயின் (ஃபிலிமில் தெரியும் பொடிப் புள்ளிகள்) எது என்று பிரிக்க முடியாத அளவுக்குக் கரகரப்பு. பயமா, கடிக்கப்போகிறதா, கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மிசாவா அமெரிக்க விமானப்படைத் தளம் உள்ள ஊர். அதற்கு முன்பே, அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கும் யோகோசுகாவின் தெருக்களையும் எடுத்தவர் அவர். போரில் தோற்று, வென்றவனின் ராணுவத்தைப் பக்கத்துத் தெருவிலேயே வைத்துக்கொண்டு வளர்ந்த ஒரு தலைமுறையின் பார்வை இது. இதை எந்த அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்தும் கற்றுக்கொள்ள முடியாது. எனக்குப் பிடித்ததும் இந்த நாய்ப் படம்தான்.

அப்புறம், நியூயார்க்காரர், டோக்கியோக்காரர் என்கிற பிரிவே அவ்வளவு சரியில்லை. க்ளைன் ராணுவத்தோடு ஐரோப்பா போய், பாரிஸிலேயே தங்கி ஓவியம் கற்றவர். 1954இல் பிறந்த ஊருக்குத் திரும்பி அந்தப் படங்களை எடுத்தார், அமெரிக்கப் பதிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள், 1956இல் பாரிஸில்தான் புத்தகம் வந்தது. மொரியாமா ஒசாகா பக்கத்துக்காரர், 1961இல் டோக்கியோவுக்குக் குடிவந்தவர். அதே 1961இல் க்ளைனும் டோக்கியோ போய்ப் படம் எடுத்திருக்கிறார், 1964இல் அது புத்தகமானது! ஒரே வருடம், ஒரே நகரம், இருவருமே வெளியூர்க்காரர்கள்.

இவர்களைச் சேர்த்து மாட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நியூயார்க் ஒரு சுவரில், டோக்கியோ ஒரு சுவரில் என்று பிரிப்பதைவிட, க்ளைனின் டோக்கியோவுக்குப் பக்கத்திலேயே மொரியாமாவின் டோக்கியோவை மாட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை. க்ளைனின் டோக்கியோ புத்தகமும் மொரியாமாவின் டோக்கியோ படங்கள் உள்ள ஒரு புத்தகமும் எங்காவது கிடைத்தால் நீங்களே அப்படி விரித்து வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் க்ளைன்தான் குரு என்று தோன்றினால் எழுதுங்கள், பேசுவோம்.