முதல் பூ எந்தத் தேதி? – தோட்டம் கேள்வி பதில்

போன இதழ்ல, நட்டா பல வருஷம் இருக்கிற செடிங்கள்ல சீசனோட முதல் பூ வர்ற தேதிய வருஷா வருஷம் எழுதி வைங்கன்னு சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல சிலது இங்க.

கேள்வி: அக்கா, மொட்டுல கலர் தெரிஞ்ச அன்னிக்கே தேதி போடலாமா, இல்ல முழுசா விரிஞ்சப்புறமா? ஒரே செடிக்கு அம்மா ஒரு தேதி சொல்றாங்க, நான் ஒரு தேதி சொல்றேன்.

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் தப்பில்லமா, ஆனா ஒரே நோட்டுல ரெண்டு விதி இருந்தா அந்த நோட்டு எதுக்கும் உதவாது. நான் சொல்ற விதி இதுதான், இதழ் தானா திறந்து உள்ள இருக்கிற மகரந்தக் காம்பு வெளிய இருந்து பாத்தாலே தெரியணும், நீங்க கை வச்சு பிரிச்சு பாக்கக்கூடாது. செடியில ஒரே ஒரு பூ அப்படி விரிஞ்சா போதும், அன்னிக்கு தேதி. அடுக்கு இதழ் வகைன்னா மகரந்தம் கண்ணுலயே படாது, அதனால வெளி வரிசை இதழ் சுத்தியும் விரிஞ்ச நாள எடுத்துக்கோங்க. சாமந்தி, ஜெர்பராவுக்கும் இதே விதி தான், ஏன்னா அதுல நாம ஒரு பூன்னு சொல்றதே நிறைய குட்டிப் பூக்கள் சேந்த ஒரு தலை, நடுவுல இருக்கிற குட்டிப் பூ ஒவ்வொண்ணும் எப்போ திறக்குதுன்னு பாத்துட்டு இருக்க முடியாது.

ராத்திரி பூக்கிறதுல தான் நிறைய பேருக்கு குழப்பம் வருது. நிஷாகந்தி ராத்திரி விரிஞ்சு விடியறதுக்குள்ள வாடிடும், பவழமல்லிய காலைல தரையில கொட்டிக் கிடக்கும்போது தான் பாக்கிறோம், ஆனா அது திறந்தது முந்தின ராத்திரி. அதனால பூ திறந்த சாயங்காலத்தோட தேதி தான் கணக்கு, காலைல பாத்தீங்கன்னா ஒரு நாள் முன்னாடி போடணும். எந்த விதிய எடுத்தாலும் சரி, நோட்டோட முதல் பக்கத்துல எழுதி வச்சிடுங்க, நாளைக்கு உங்க பொண்ணோ பேரனோ தொடர்ந்து எழுதினா அதே விதிப்படி எழுதணும்ல.

கேள்வி: வேலை காரணமா ஞாயிற்றுக்கிழமை மட்டும் தான் தோட்டத்த ஒழுங்கா பாக்க முடியுது. தேதி சரியா இருக்குமா?

பதில்: இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், ஏன்னா பூத்த தேதிய எல்லாரும் எழுதுறாங்க, பூக்காத தேதிய யாரும் எழுதுறதில்ல. போன ஞாயிறு பாத்தீங்க, பூ இல்ல. இந்த ஞாயிறு நாலு பூ இருக்கு. அப்போ இந்த ஞாயிறு தேதிய மட்டும் எழுதினா படிக்கிறவங்களுக்கு அது பூத்த நாளா, நீங்க பாத்த நாளான்னு தெரியாது. "12ம் தேதி பூ இல்ல, 19ம் தேதி நாலு பூ"ன்னு எழுதினா அது நேர்மையான பதிவு, பூ நடுவுல என்னிக்கோ திறந்திருக்குன்னு தெளிவா தெரியுது. வாடின இதழ பாத்து "வியாழக்கிழமை பூத்திருக்கும்"னு யூகிச்சு தேதி போடாதீங்க, வேணும்னா ஓரத்துல குறிப்பா எழுதுங்க.

வாரம் ஒரு தடவ பாக்கிறவங்களோட தேதி, தினம் பாக்கிறவங்களோடத விட சராசரியா மூணு நாள் பிந்தி தான் இருக்கும், இது வெறும் கணக்கு. இதனால என்ன ஆகும்னா, அஞ்சு வருஷம் தினமும் பாத்துட்டு ஆறாவது வருஷம் வாரம் ஒரு தடவன்னு மாத்தினீங்கன்னா செடி ஒண்ணும் மாறாமலே பூக்கிறது மூணு நாள் தள்ளிப்போன மாதிரி நோட்டுல தெரியும். தினம் பாக்க முடியலைன்னா பரவாயில்ல தம்பி, வாரம் ரெண்டு நாள்னு வச்சுக்கோங்க, ஆனா மொட்டு கண்ணுல பட்டதுக்கு அப்புறம் மட்டுமாவது தினமும் ஒரு எட்டு போய் பாத்துடுங்க.

இன்னொண்ணும் இருக்கு. மழை லில்லி மாதிரி கிழங்குச் செடியெல்லாம் வருஷா வருஷம் பெருகும். முதல் வருஷம் தொட்டியில பத்து கிழங்கு, சில வருஷம் கழிச்சு அம்பது அறுபது. இத்தன செடியில எது முதல்ல பூக்குதோ அந்த தேதின்னு எடுத்தா, எண்ணிக்கை கூடக்கூட அவசரமா பூக்கிற ஒண்ணு உள்ள இருக்க வாய்ப்பும் கூடும், தேதி தானா முன்னாடி நகரும். அதனால ஒரு செடியில, இல்லைன்னா ஒரு சின்ன கொத்துல ஒரு அட்டையக் கட்டி வச்சு அத மட்டும் பாருங்க, மத்தத ரசிங்க.

கேள்வி: எங்க செம்பருத்தி வருஷம் முழுக்க பூக்குது. முதல் பூன்னு எத எழுத?

பதில்: அதுக்கு முதல் பூ தேதி பொருந்தாது, விட்டுடுங்க. சில வாரம் சுத்தமா பூக்காம இருந்து திரும்ப ஆரம்பிச்சா மட்டும் அந்த இடைவெளியையும் தேதியையும் எழுதலாம். ஓய்வு எடுத்துட்டு திரும்ப வர்ற செடி தான் இதுக்கு ஏத்தது. செங்காந்தள் மாதிரி மேல முழுசா காஞ்சு போய் கிழங்குலேந்து திரும்ப முளைக்கிறது, குளிர் நாடுகள்ல இருக்கிறவங்களுக்கு டாஃபடில், ஐரிஸ், பியோனி.

கேள்வி: இந்த வருஷம் எங்க மல்லி போன வருஷத்த விட 12 நாள் முன்னாடியே பூத்துடுச்சு. பூமி சூடாகுறதுனாலயா?

பதில்: ரெண்டு வருஷத்த வச்சு அத சொல்ல முடியாதுங்க, சொல்லவும் கூடாது. முதல்ல ஒண்ணு கேக்கிறேன், கவாத்து பண்ண தேதி, அதாவது கிளைய வெட்டி விட்ட தேதி, ரெண்டு வருஷமும் ஒண்ணா? மல்லி புதுத் துளிர்ல தான் மொட்டு வைக்கும், கவாத்து முன்னாடி பண்ணா பூவும் முன்னாடி வரும். அதனால கவாத்து, தொட்டி மாத்தினது, இடம் மாத்தினது, உரம் போட்டது எல்லாத்துக்கும் தேதி வேணும், இது இல்லாத பூ தேதி பாதி தேதி தான்.

அப்புறம், எல்லாச் செடியும் ஒரே காரணத்துக்கு பூக்கிறதில்ல. சாமந்தி ராத்திரி நீளமாகுறத கணக்கு வச்சு மொட்டு வைக்கும், அதனால பக்கத்துல ராத்திரி முழுக்க எரியற லைட் போட்டாங்கன்னாலே பூக்கிறது தள்ளிப்போகும். மழை லில்லி நல்ல மழை பேஞ்ச சில நாள்ல பூத்துடும், அதோட தேதி உங்களுக்கு வெயிலப் பத்தி ஒண்ணும் சொல்லாது, மழையப் பத்தி தான் சொல்லும். டாஃபடில் வகையறாவுக்கு முதல்ல குளிர் வேணும், அப்புறம் சூடு சேரணும். எந்தச் செடி எதுக்கு அசையுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா தான் தேதி பேசும்.

கேள்வி: இதையெல்லாம் எழுதி வச்சு யாருக்கு என்ன பிரயோஜனம் மேடம்? வீட்டுத் தோட்டக் குறிப்ப ஆராய்ச்சிக்காரங்க மதிப்பாங்களா?

பதில்: நிச்சயமா மதிச்சிருக்காங்க. இங்கிலாந்துல நார்ஃபோக்ல ராபர்ட் மார்ஷம்னு ஒரு நிலக்காரர் 1736ல ஆரம்பிச்சார், பனித்துளிப்பூ முதல்ல பூத்தது, இலை விட்டது, குயில் முதல்ல கூவினதுன்னு தன்னோட எஸ்டேட்ல பாத்தத எழுதினார், அவர் போனப்புறம் குடும்பத்துல தலைமுறை தலைமுறையா 1958 வரைக்கும் எழுதினாங்க. அமெரிக்காவுல கான்கார்ட் ஊர்ல எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1850கள்ல எழுதின பூ தேதிகள ரிச்சர்ட் பிரைமாக்ங்கிற உயிரியல் ஆராய்ச்சியாளரோட குழு எடுத்து இப்போ பூக்கிற தேதியோட ஒப்பிட்டு, சராசரியா ஒரு வாரம் முன்னாடி வந்திருக்குன்னு 2008ல வெளியிட்டாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, அந்த ஒப்பீட்டுல அதே ஊர்ல ஒரு அம்மா தன் தோட்டத்த திட்டம் போடுறதுக்காக 1963லேந்து 1993 வரை எழுதின நோட்டும் சேந்திருக்கு. ஆராய்ச்சிக்குன்னு அவங்க எழுதல, முப்பது வருஷம் விடாம எழுதினாங்க, அவ்வளவுதான்.

ஜப்பான்ல கியோட்டோவோட செர்ரி கணக்கு 9ம் நூற்றாண்டுலேந்து இருக்கு, ஆனா அது முதல் பூ இல்ல, மரம் முழுசா பூத்த நாள். ஒரு செடியில அவசரமா வந்த ஒத்தப் பூ ஏமாத்தலாம், பாதிக்கு மேல பூத்த நாள் அவ்வளவு சீக்கிரம் ஏமாத்தாது. முடிஞ்சா அந்த ரெண்டாவது தேதியையும் சேத்து எழுதுங்க.

கேள்வி: நோட்டு தான் வேணுமா? போன்ல போட்டோ எடுத்தா தேதி அதுலயே இருக்கே?

பதில்: இருக்கு, ஆனா வாட்ஸப்ல அனுப்பி திரும்ப இறக்கின போட்டோவுல எடுத்த தேதி போயிடும், போன் மாத்தும்போதும் குழம்பும். அதனால போட்டோ சாட்சிக்கு, நோட்டு கணக்குக்கு. எக்செல்ல போடுறவங்க தேதியோட வருஷத்துல எத்தனாவது நாள்னும் ஒரு தனி காலம் (column) சேத்துக்கோங்க, கழிச்சுப் பாக்க சுலபமா இருக்கும். லீப் வருஷத்துல மட்டும் கவனம், மார்ச் 1 மத்த வருஷத்துல 60வது நாள், லீப் வருஷத்துல 61.