யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் செய்பவர் காசு கொடுத்து வெப் டெவலப்பரைப் பிடிக்க வேண்டுமா?

கேள்வி: நெல்லியடியில் வீட்டோடு கறித்தூள், பனங்கட்டி, ஒடியல் மா செய்து விற்கிறோம். பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் ஓர்டர் வருகிறது, பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து. இணையத்தளம் செய்ய ஒரு டெவலப்பரிடம் கேட்டால் பெரிய தொகை சொல்கிறார். சொந்தக்காரப் பொடியன் ஒருவன் இலவசமாகவே செய்து தருகிறேன் என்கிறான். காசு கொடுத்துச் செய்விப்பதில் உண்மையில் என்ன பயன்?

பதில்:

நான் டெவலப்பர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிக் கேள்விக்கு டெவலப்பர்களே வந்து பதில் எழுதினால் சந்தேகம் வருவது நியாயம். சுன்னாகத்தில் எங்கள் குடும்பத்துக்கும் உங்களுடையது போல ஒரு உணவுப்பொருள் வியாபாரம். கணக்கு, பார்சல், இணையம் மூன்றும் என் தலையில். தளத்தைக் காசு கொடுத்துத்தான் செய்வித்தோம். இப்போதும் மாதப் பராமரிப்புக்குக் கொடுக்கிறோம்.

உங்கள் கேள்வியில் வெளிநாட்டு ஓர்டரைப் பற்றிச் சொல்லியிருக்காவிட்டால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். சந்தியில் சலூனோ தையல்கடையோ சாப்பாட்டுக்கடையோ வைத்திருப்பவருக்கு இணையத்தளமே அவசரமில்லை. கூகுள் மப்பில் கடையைப் பதிந்து, திறக்கும் நேரம், போன் நம்பர், நாலு நல்ல படம் போட்டால் காணும். ஒரு சதம் செலவில்லை. நீங்களும் அதை இன்றைக்கே செய்யலாம், எந்த டெவலப்பருக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் உங்கள் ஆட்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். கோடைகாலத்தில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தி ஓடுகிறது. அங்கே ஒரு அக்கா வேலை முடிந்து வந்து பின்னேரம் ஆறு மணிக்கு வட்ஸ்அப்பில் விலை கேட்டால் இங்கே விடியப்புறம் மூன்றரை. நீங்கள் எழும்பிப் பதில் போட அவர் படுத்துவிடுவார். பிறகு அனுப்புகூலி எவ்வளவு என்ற கேள்வி, அப்புறம் காசை எப்படி அனுப்புவது என்ற கேள்வி. இரண்டு நாள் இழுபட்டதும் அவர் பக்கத்துத் தமிழ்க் கடையில் எதையோ வாங்கிவிடுவார். தளம் இந்த மூன்று கேள்விக்கும் நீங்கள் நித்திரை கொள்ளும்போதே பதில் சொல்லி, காசையும் வாங்க வேண்டும். தளம் வடிவாக இருப்பது இரண்டாம் பட்சம். வடிவை உங்கள் பொடியனாலும் கொண்டுவர முடியும்.

காசு வாங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. பொடியன் யூடியூப் பார்த்துத்தான் படிப்பான். அங்கே பாதிப் பேர் பேபால் பட்டன் போடு, இல்லையென்றால் ஸ்ட்ரைப்பை இணை என்பார்கள். இரண்டும் இணையத்தில் காசு வாங்கித் தரும் வெளிநாட்டுச் சேவைகள். இலங்கையில் எடுத்த பேபால் கணக்கில் காசு கட்டலாம், வாங்க ஏலாது. ஸ்ட்ரைப் இலங்கை வியாபாரங்களுக்குக் கணக்கே திறப்பதில்லை. சிலர் லண்டனில் இருக்கும் மச்சானின் பேபால் கணக்கைப் போட்டு ஓட்டுகிறார்கள். உங்கள் விற்பனை முழுக்க அவருடைய வருமானமாகத் தெரியும். ஒரு நாள் அந்தக் கணக்கை முடக்கினால் உங்கள் காசும் அதோடு நிற்கும், மச்சானோடு கதை பேச்சும் நிற்கும்.

ஆக இருப்பது இரண்டு வழி: உங்கள் வங்கியின் இணையப் பணச்சேவை, அல்லது பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்ளூர் நிறுவனங்கள். இவர்கள் பிரதேச செயலகம் ஊடாக எடுக்கும் வியாபாரப் பெயர்ப் பதிவைக் கேட்பார்கள். வங்கிக் கணக்கு விபரம் கேட்பார்கள். தளத்தையும் திறந்து பார்ப்பார்கள்: விற்பனை நிபந்தனைகள் இருக்கிறதா, காசு திருப்பிக் கொடுக்கும் முறை எழுதியிருக்கிறதா, வாடிக்கையாளரின் விபரங்களை என்ன செய்கிறீர்கள் என்று ஒரு பக்கம் இருக்கிறதா. இந்தப் பக்கங்களை எங்கிருந்தோ வெட்டி ஒட்டுவது இங்கே சாதாரணம். பிணக்கு வந்தால் மும்பை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்த ஒரு யாழ்ப்பாணக் கடைத் தளத்தை நானே வாசித்திருக்கிறேன்.

அனுமதி கிடைத்த பிறகும் இணைக்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. அனுபவமில்லாத ஆள் செய்யும்போது, வாங்குபவர் காசு கட்டிவிட்டு நன்றிப் பக்கத்துக்குத் திரும்பி வந்தால் மட்டும் ஓர்டர் பதியும்படி விட்டுவிடுவார். காசு போன கையோடு வாங்குபவரின் போனில் சார்ஜ் தீர்ந்தால்? காசு உங்கள் பக்கம் வந்திருக்கும், ஓர்டர் எங்கேயும் இருக்காது. ஒரு கிழமை கழித்து அவர் பேஸ்புக்கில் உங்களைக் கள்ளர் என்று எழுதுவார். முறையாகச் செய்தால் பணச்சேவை நிறுவனத்தின் கணினி (சேர்வர்) உங்கள் தளம் ஓடும் சேர்வருக்கு நேரே தகவல் அனுப்பும். அந்தத் தகவல் உண்மையாகவே அவர்களிடம் இருந்துதான் வந்ததா, கட்டிய தொகையும் ஓர்டரின் தொகையும் ஒன்றா என்று பார்த்த பிறகே ஓர்டர் பதியும். தொகையைப் பார்ப்பதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். விலையை வாங்குபவரின் பிரவுசரில் இருந்து அப்படியே எடுத்து அனுப்பும் தளத்தில், கொஞ்சம் விபரம் தெரிந்த எவரும் ஐயாயிரம் ரூபாயை ஐந்து ரூபாயாக மாற்றிக் கட்டிவிடலாம். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு தளமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பங்கு இப்படிக் கண்ணில் படாத வேலைக்குத்தான் போகிறது.

எங்கள் டெவலப்பர் முதல் சந்திப்பில் நிறத்தைப் பற்றியோ லோகோவைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிலோ தூள் பக்கற் கட்டி, பெட்டியில் வைத்து, ஒட்டி முடிந்ததும் என்ன நிறை என்று கேட்டார். அனுப்புகூலி அந்த நிறைக்குத்தானே, தூளின் நிறைக்கு இல்லையே. எந்தெந்த நாட்டுக்கு எந்தெந்தப் பொருள் என்று ஒரு அட்டவணை எழுதித் தரச் சொன்னார். ஆஸ்திரேலியச் சுங்கம் உணவு விஷயத்தில் எவ்வளவு கண்டிப்பு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பால், இறைச்சி சேர்ந்தவற்றைப் பிரித்தானியா எங்கள் பக்கப் பார்சலில் விடுவதில்லை, தயிரில் ஊறிய மோர்மிளகாயை அங்கே அனுப்ப முன்னம் ஒன்றுக்கு இரண்டு தரம் யோசிக்க வேண்டும். வாங்குபவர் தன் நாட்டைத் தெரிவுசெய்ததும் அந்த நாட்டுக்குப் போகாத பொருள் கூடையில் விழவே கூடாது. இல்லாவிட்டால் காசை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் வேலைதான் மிஞ்சும்.

விலை விஷயத்திலும் அவருடைய பிடிவாதம் நல்லது என்று இப்போது படுகிறது. விலையைப் படத்துக்குள் எழுதிப் போட விடவே மாட்டார். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியதை ஒருவரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மாதிரி நேரத்தில் ஒரு இடத்தில் விலையை மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாற வேண்டும். படத்துக்குள் எழுதிய விலையை மாற்ற, படம் செய்த ஆளைத் தேடிப் போக வேண்டும்.

அடுத்தது தமிழ். இங்கே அச்சகம், நோட்டீஸ், லேபல் எல்லாமே இன்னமும் பாமினி எழுத்துருவில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. உங்கள் பொருள் விபரமும் அச்சகக்காரரின் கணினியில் பாமினியில்தான் இருக்கும். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால், பாமினி இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக நிற்கும். சிலர் இதற்குப் பயந்து எழுத்தையே படமாக்கிப் போடுகிறார்கள். படத்துக்குள் இருக்கும் ஒடியல் மா, கூகுளில் ஒடியல் மா என்று தேடுபவருக்கு இலேசில் அகப்படாது. யூனிகோட்டுக்கு, அதாவது எல்லாப் போனிலும் தெரியும் எழுத்து முறைக்கு, மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை, மாற்ற வேண்டும் என்று தெரிந்த ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஓர்டர் போடுகிறவர் தமிழில் எழுதும் பெயரும் குறிப்பும் உங்கள் பக்கத்தில் வெறும் கேள்விக்குறிகளாக வந்து விழாமல் இருக்கிறதா என்பதையும் தொடக்கத்திலேயே சோதித்துப் பாருங்கள்.

இனி டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர். என் மாமா முறையான ஒருவரின் கடைக்கு ஒரு பொடியன் தளம் செய்து கொடுத்தான். நல்ல பொடியன், வேலையும் மோசமில்லை. டொமைனைத் தன் ஈமெயிலில், தன் பெயரில் எடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டான். வருடம் முடிந்து புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவன் பார்க்காத அந்தப் பழைய ஈமெயிலுக்குத்தான் போனது. தளம் நின்ற பிறகுதான் மாமாவுக்கு விஷயமே தெரியும். டொட் கொம் பெயர் காலாவதியாகிக் கொஞ்ச நாளில் அழிக்கப்படும். பிறகு 30 நாளுக்கு மேலதிகக் கட்டணம் கட்டி மீட்கலாம். அதுவும் போனால் 5 நாளில் பொதுவுக்கு வந்துவிடும், உலகத்தில் எவரும் எடுக்கலாம். லேபலிலும் பில்லிலும் அச்சடித்த பெயர் இப்போது யாரோ ஒருவரின் கையில். காணி வாங்கும்போது உறுதி யார் பெயரில் என்று பார்க்காமல் காசை எண்ணிக் கொடுக்க மாட்டோம், டொமைனும் அப்படித்தான். டொட் எல்கே எடுத்தாலும், 2010 முதல் இருக்கும் டொட் இலங்கை என்ற தமிழ் முகவரியை எடுத்தாலும், பதிவு உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் டெவலப்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம். காசு வாங்கும் டெவலப்பர் எல்லாரும் யோக்கியர் என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் கொட்டேஷனில் எழுதி வாங்கினால் பிறகு கேட்க ஒரு பிடி இருக்கும். இலவசமாகச் செய்தவனிடம் என்னத்தை வைத்துக் கேட்பது?

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளுக்குக் காசுக்கு விற்கும் வடிவமைப்பை (theme) திருட்டுப் பிரதியாக இறக்கிப் போடுவது பொடியன்களின் வழக்கம். அதற்குள் வேறு யாரோ உள்ளே வரக் கதவு வைத்திருப்பார்கள். கூகுளில் உங்கள் கடையைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் போலிச் சாமான் விளம்பரம் வரும். மேலதிக வசதிகளுக்குச் சேர்க்கும் பிளக்இன்களைக் காலாகாலத்தில் புதுப்பித்து, தளத்தைப் பிரதி எடுத்து வைக்க ஒருவர் இருந்தால் இதில் பெரும்பாலானவை வராது. மாதக் காசு அதற்குத்தான்.

பேஸ்புக் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்பார்கள், எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரல் தொடக்கத்தில் ஆர்ப்பாட்டத்தின்போதும் அரசாங்கம் சமூக வலைத்தளங்களை நிறுத்தியது. 2021 ஒக்டோபரில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் உலகம் முழுக்கத் தாங்களாகவே சில மணித்தியாலம் படுத்தன. அதற்காகப் பேஸ்புக்கை விடுங்கள் என்று சொல்லவில்லை. ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள், எங்களுக்கும் முதல் விசாரிப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஓர்டரும் காசும் மட்டும் உங்களுடைய இடத்தில் நடக்கட்டும்.

உங்கள் பொடியனை வெட்டிவிடவும் தேவையில்லை. டெவலப்பர் தளத்தின் அடித்தளத்தையும் பணச்சேவையையும் செய்யட்டும். பொருட்களைப் படம் பிடித்து ஏற்றுவது, விலை மாற்றுவது, பேஸ்புக்கில் போடுவது எல்லாம் பொடியனின் வேலையாக இருக்கட்டும், அதற்கு அவனுக்கும் ஏதாவது கொடுங்கள். டெவலப்பரிடம் அவனுக்கு ஒரு நாள் வடிவாகச் சொல்லிக் கொடுக்கும்படி ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றக்கூடாது என்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும். நாலைந்து எம்பிப் படம் இருபது இருந்தால் ஒரு பக்கம் திறக்கவே நூறு எம்பிக்குக் கிட்ட டேட்டா போய்விடும்.

ஆளைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. யாழ் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தவர்களும், யாழ் ஐ.டி. ஹப் என்ற தொழில்நுட்பக் குழுவின் பக்கம் வளர்ந்தவர்களும் இங்கேயே வேலை செய்கிறார்கள். இரண்டு மூன்று பேரிடம் கொட்டேஷன் எடுங்கள். அவர்கள் செய்து இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கடைத் தளம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதில் நீங்களே ஒரு சின்னப் பொருளைக் கார்ட்டில் காசு கட்டி வாங்கிப் பாருங்கள். அந்தக் கடைக்காரருக்குப் போன் எடுத்து, தளம் நின்றபோது டெவலப்பர் போன் எடுத்தாரா என்று கேளுங்கள். கொடுக்கும் தொகையை மூன்று பங்காகப் பிரித்து, கடைசிப் பங்கை உண்மையான வெளிநாட்டுக் கார்ட் ஒன்றில் இருந்து ஒரு ஓர்டர் வந்து காசு உங்கள் வங்கிக்கு இறங்கிய பிறகு கொடுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் சனத்துக்கு முன்னால் தளத்தைக் காட்ட வேண்டும் என்றால் சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு பேசத் தொடங்குங்கள். வியாபாரப் பதிவு இன்னும் எடுக்காவிட்டால் அதற்கும் முந்தி. பணச்சேவை அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.