அம்மாவின் ஆறாத வாய்ப்புண்ணும் டெஸ்மோகிளின் என்ற புரதமும்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 48 வயது, கொழுந்து பறிக்கிறார். ஐந்து மாதங்களாக அவருக்கு வாய் முழுவதும் புண். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் பூச்சு மருந்தும் கொடுத்தும் ஆறவில்லை. பிறகு, கூடையின் பட்டை உரசும் தோளிலும் முதுகிலும் கொப்புளங்கள் வந்தன. அக்கி என்று சொல்லிக் காவி பூசினார்கள். கடைசியில் கோவையில் சதை எடுத்துப் பரிசோதித்து 'பெம்பிகஸ் வல்காரிஸ்' என்றார்கள். ரத்த அறிக்கையில் 'டெஸ்மோகிளின் 3' மிக அதிகம், 'டெஸ்மோகிளின் 1' ஓரளவு அதிகம் என்று இருக்கிறது. இந்தப் புரதம் கூடியதால் வந்த நோயா? மலைக்குளிர் காரணமா? தொற்றிக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டார் பயப்படுகிறார்கள். மூன்று வாரமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். புண் பாதி ஆறிவிட்டது, ஆனால் முகம் வீங்குகிறது. நிறுத்திவிடலாமா?

மருத்துவர் பதில்: ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பது, அந்தப் புரதம் உடலில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே விளங்கும்.

அறிக்கையில் உள்ள எண்ணைப் பலரும் உங்களைப் போலவே படித்துவிடுகிறார்கள். எலிசா என்ற ரத்தப் பரிசோதனை முறையில் அளக்கப்பட்டது டெஸ்மோகிளின் அல்ல. டெஸ்மோகிளினைத் தாக்குவதற்கு அம்மாவின் நோய் எதிர்ப்பு மண்டலமே உண்டாக்கியிருக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத்தான் அளந்திருக்கிறார்கள். சுருக்கமாகப் புரதத்தின் பெயரை மட்டும் அச்சிட்டுவிடுவதால் வரும் குழப்பம் இது. அந்தப் புரதம் எல்லோருக்கும் இருப்பதுபோல அவருக்கும் இருக்கிறது. அதை வேலை செய்யவிடாமல் தடுக்கும் பொருள்தான் ரத்தத்தில் கூடியிருக்கிறது.

தோலின் மேலடுக்கும் வாயின் உட்பரப்பும் பல வரிசைச் செல்களால் ஆனவை. மெல்லும்போதும் உரசும்போதும் இந்தச் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் இருப்பதற்காக அவற்றின் விளிம்புகளில் டெஸ்மோசோம் என்னும் நுண்ணிய பிணைப்புப் புள்ளிகள் ஏராளமாக உள்ளன. குளிருக்கு அணியும் ஜெர்கினின் இரு பக்கங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பிரஸ் பட்டனைப் போன்றவை அவை. டெஸ்மோகிளினின் ஒரு முனை செல்லுக்கு வெளியே நீண்டு, அடுத்த செல்லிலிருந்து நீளும் உறவுப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. மறுமுனை செல்லுக்குள், பிளக்கோகுளோபின், டெஸ்மோபிளாக்கின் முதலிய புரதங்களின் வழியாக, செல்லுக்கு உறுதி தரும் கெரட்டின் இழைகளோடு கட்டப்பட்டிருக்கிறது. இதனால் ஓரிடத்தில் விழும் இழுவை ஒரு செல்லோடு நிற்காமல் சுற்றியுள்ள திசுவெங்கும் பகிரப்படுகிறது. கால்சியம் இருந்தால்தான் பற்றிக்கொள்ளும் கேடெரின் என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது டெஸ்மோகிளின். இதைப் படித்துவிட்டுக் கால்சியம் மாத்திரையை அதிகமாகக் கொடுத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். இது கால்சியம் குறைந்து வந்த நோய் அல்ல. அம்மாவுக்கு அந்த மாத்திரை எழுதப்பட்டிருந்தால், அது ஸ்டீராய்டால் எலும்பு தேயாமல் காப்பதற்காக.

மனித உடலில் நான்கு வகை டெஸ்மோகிளின்கள் உள்ளன. இரண்டாவது வகை இதயத் தசையிலும் இருக்கிறது. அதன் மரபணுவில் பிறவியிலேயே பிழை இருப்பவர்களுக்கு இதயத் துடிப்பு ஆபத்தான வகையில் தாறுமாறாகும் ஒரு நோய் வரலாம். அம்மாவின் ஆன்டிபாடிகள் தேடிப் போவது 3ஐயும் 1ஐயும் என்பதால், அறிக்கையைப் பார்த்து இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி, புண் ஏன் வாயில் தொடங்கியது என்பதற்கு வருகிறேன். இந்த நோயில் எனக்கு எப்போதும் வியப்பூட்டும் பகுதி இதுதான். வாயின் உட்பரப்பில் அடி முதல் மேல் வரை பிணைப்பு வேலையைப் பெரும்பாலும் டெஸ்மோகிளின் 3தான் பார்க்கிறது. அங்கே 1 மிகக் குறைவு. தோலிலோ 3 கீழ்வரிசைகளிலும், 1 மேல்வரிசைகளில் மிகுதியாகவும் உள்ளன. இரண்டும் சேர்ந்திருக்கும் இடத்தில் ஒன்று முடங்கினால் மற்றொன்று ஈடுகொடுக்கும். ஆகவே 3க்கு எதிரான ஆன்டிபாடி மட்டும் இருக்கும் காலத்தில், தோலை 1 தாங்கிக்கொள்ள, ஈடுகொடுக்க ஆளில்லாத வாய் மட்டும் புண்ணாகிறது. பிறகு 1க்கு எதிரான ஆன்டிபாடியும் சேரும்போது தோலும் பிரியத் தொடங்குகிறது. அதிலும் கூடைப் பட்டை நாள் முழுதும் அழுத்தித் தேய்க்கும் தோள் முந்திக்கொள்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ள மாதங்களின் வரிசையும் அறிக்கையில் உள்ள இரண்டு எண்களும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. 1ஐ மட்டும் தாக்கும் பெம்பிகஸ் ஃபோலியேசியஸ் என்ற மற்றொரு வகையில் வாய்க்கு ஒன்றும் ஆவதில்லை.

பிரிவு தோலின் மேலடுக்குக்குள்ளேயே, அடிவரிசைச் செல்களுக்குச் சற்று மேலே, நிகழ்வதால் கொப்புளத்தின் கூரை மெல்லியதாகவும் தளர்ந்தும் இருக்கும். தோலில் இரண்டொரு நாளில் உடைந்து செந்நிறப் புண்ணாகிவிடும். வாயில் உருவான உடனேயே உடைந்துவிடுவதால் கொப்புளம் யார் கண்ணிலும் படுவதில்லை. அதனால்தான் மாதக்கணக்கில் வைட்டமின் குறைபாடு என்று எண்ணி மருந்து கொடுக்க நேர்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் சதைப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புற்றுநோயாக இருந்தாலும் அதில்தான் தெரியவரும்.

ஆன்டிபாடிதான் காரணம் என்பது ஊகமல்ல. இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தோல் செல்களின் இடைவெளிகளில் போய் ஒட்டும் ஆன்டிபாடி இருப்பதை 1964இல் பியூட்னரும் ஜோர்டனும் காட்டினார்கள். அது பற்றும் இலக்கின் மரபணுவை 1991இல் அமகாயும் ஸ்டான்லியும் பிரித்தெடுத்து, அது கேடெரின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று கண்டறிந்தார்கள்.

இது கிருமியால் வருவதல்ல. தொடுவதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ யாருக்கும் தொற்றாது. பக்கத்து வீட்டாரின் பயம் குழந்தைகளுக்கு வரும் கொப்புளச் சிரங்கைப் பார்த்து வந்திருக்கலாம். அதில் ஒரு பாக்டீரியாவின் நச்சு இதே டெஸ்மோகிளின் 1ஐ வெட்டிவிடுகிறது. அது தொற்றும், ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும். அக்கியோ நரம்பில் தங்கிய வைரஸால் பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வருவது. குளிர் இந்த நோய்க்குக் காரணமல்ல. சில மரபணு வகைகள் உள்ளவர்களுக்கு வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்றாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கு நேரடியாக வரும் நோயும் அல்ல.

இப்போது மாத்திரைக்கு வருவோம். இந்த ஆன்டிபாடியில் பாதி குறைவதற்கே ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அதை உண்டாக்கும் செல்களும் இன்னும் அடங்கியிருக்காது. புண் பாதி ஆறியிருப்பது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமே தவிர, நோய் தீர்ந்ததற்கு அல்ல. மேலும், மூன்று வாரமாக ஸ்டீராய்டு உள்ளே போகும்போது, உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தாமே சுரக்கும் அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. திடீரென்று நிறுத்தினால் புண் திரும்புவதோடு ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து வரலாம். ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் இறந்துபோனார்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். முகவீக்கம் அளவு குறையக் குறைய வற்றிவிடும்.

ஸ்டீராய்டின் அளவைக் குறைப்பதற்காக நோய் எதிர்ப்பை அடக்கும் அசத்தியோபிரின், மைக்கோபினோலேட் போன்ற மருந்துகளைச் சேர்ப்பதுண்டு. 1980களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் பஸ்ரிச்சா வகுத்த டெக்ஸாமெத்தசோன், சைக்ளோபாஸ்பமைடு பல்ஸ் சிகிச்சை (இடைவெளி விட்டுப் பெரிய அளவில் மருந்து செலுத்தும் முறை) நம் நாட்டில் பல்லாயிரம் பேருக்குக் கைகொடுத்தது. இன்று, ஆன்டிபாடி உண்டாக்கும் செல்களின் மூலமான பி செல்களையே அகற்றும் ரிட்டுக்சிமேப் ஊசியைத் தொடக்கத்திலேயே பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2018இல் இந்த நோய்க்கு அதை அங்கீகரித்தார்கள். அந்த ஊசியைப் போடுவதற்கு முன் காசநோயும் ஹெப்படைட்டிஸ் பி கிருமியும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். விலை அதிகமான மருந்து என்பதால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்று கோவை அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க ஒவ்வொரு முறையும் மலை இறங்க வேண்டியதில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும்.

வீட்டில் கஞ்சி, குழைந்த சோறு, தயிர், இட்லி எல்லாவற்றையும் ஆறவைத்துக் கொடுங்கள். கொதிக்கும் தேநீர், மிளகாய், முறுக்கு, அப்பளம் ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். கம்பளி ஸ்வெட்டர் புண்ணில் ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது தோலையும் உரிக்கும்; உள்ளே தளர்ந்த பருத்திச் சட்டை இருக்கட்டும். முதுகுப் புண்ணோடு படுக்கையில், கழுவித் துடைத்த இளம் வாழையிலையில் வாசலின் தடவி விரித்தால் ஒட்டாது. பல தோல் நோய் வார்டுகளில் இன்றும் இதைச் செய்கிறோம். உங்கள் ஊரில் இலை மேட்டுப்பாளையத்திலிருந்து வரவேண்டும் என்றாலும், செலவுக்குத் தகுந்த சுகம் கிடைக்கும். புது கொப்புளம் வருவது நிற்கும் வரை கூடை சுமக்க வேண்டாம். மருத்துவரிடம் சான்று வாங்கி, உரசல் இல்லாத வேலையைத் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள்.

காய்ச்சல், புண்ணில் சீழ், வாயில் தயிர்த் திட்டுப் போன்ற வெள்ளைப் படலம், கண் சிவந்து உறுத்தல், தண்ணீர்கூட விழுங்க முடியாமை, கறுத்த மலம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆன்டிபாடிப் பரிசோதனையை மறுபடி செய்யும்போது முடிந்தவரை அதே பரிசோதனைக்கூடத்தில் செய்யுங்கள். இடத்துக்கு இடம் அளவுகோல் மாறுவதால், வேறு கூடத்து எண்ணோடு ஒப்பிட்டு நோய் கூடியது, குறைந்தது என்று சொல்ல முடியாது.