ஸ்கிட் ஆன வண்டியை நிமிர்த்தியவர்கள்: ரேஸ் கேள்வி பதில்

அண்ணே, சுவரில் அடிக்க வேண்டிய காரை டிரைவர் காப்பாற்றிய சம்பவங்களில் உங்களுக்கு நம்பர் ஒன் எது?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

யோசிக்கவே வேண்டாம் தம்பி. 2016 பிரேசில் கிராண்ட் பிரி ஃபார்முலா ஒன் கார் ரேஸ், டிரைவர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன். சாவோ பாலோவில் அன்றைக்குப் பெய்த மழையில் இரண்டு தடவை சிவப்புக் கொடி காட்டி ரேஸையே நிறுத்தினார்கள். ரைக்கோனன் மாதிரி பழம் தின்று கொட்டை போட்ட ஆளே மெயின் நேர்ப்பாதையில் சுழன்று சுவரில் அடித்துவிட்டார். வெர்ஸ்டாப்பனுக்கு அப்போது 19 வயது. இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தவருக்கு, மேடேறி அதே நேர்ப்பாதைக்கு வரும் இடத்தில் பின் டயர் பிடி விட்டுப்போய், கார் அப்படியே குறுக்கே திரும்பித் தடுப்பைப் பார்த்து வழுக்க ஆரம்பித்தது.

பின்பக்கம் சறுக்கினால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும், அது எல்லா டிரைவருக்கும் தெரியும், அவரும் செய்தார். சிக்கல் அதற்கப்புறம்தான். ஒடித்து வைத்திருக்கும்போது டயருக்குத் திடீரென்று பிடி கிடைத்தால், முன் சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கார் பாயும்; அநேக டிரைவர்கள் சுவரில் போய்ச் சொருகுவது இந்த இடத்தில்தான். அவர் பிரேக்கை அழுத்தி சக்கரத்தை லாக் பண்ணிவிட்டார். சுழலாத சக்கரத்துக்கு ஸ்டியரிங் பேச்சு காதில் விழாது. பவுடர் போட்ட கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் போகிற மாதிரி, ஏற்கெனவே போன திசையிலேயே வண்டி வழுக்கிக்கொண்டு போகும். தடுப்பில் படாமல் நின்றது, நிமிர்த்தினார், கிளம்பினார். இரண்டாவது இடம்கூடப் பறிபோகவில்லை! அப்புறம் டயர் மாற்றுவதில் டீம் போட்ட கணக்கு தப்பி 16வது இடத்துக்குப் போனதும், மிச்சமிருந்த சுமார் 15 சுற்றில் ஒவ்வொருவராகத் தாண்டி 3வதாக முடித்ததும் தனிக்கதை.

இதை ரிஃப்ளெக்ஸ் என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். கை தானாகச் செய்யும், சரி, ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்று அந்தக் கைக்கு எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டுமே. சின்ன வயசில் மழையிலும் குளிரிலும் விடாமல் கோ-கார்ட் என்கிற குட்டி ரேஸ் கார் ஓட்ட வைத்த அப்பா யோஸுக்கும் இதில் பங்கு உண்டு.

அப்போ அதிர்ஷ்டம் என்பதே கிடையாதா சார்?
– கொருக்குப்பேட்டை வாசகர்

ஏன் இல்லை? 1985ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் 500 கார் ரேஸில் டேனி சல்லிவன், மரியோ ஆண்ட்ரெட்டியை முந்திய கையோடு முழு வட்டமாக 360 டிகிரி சுழன்றார். ஒரே புகை. சுவரிலும் படவில்லை, பின்னால் வந்த ஆண்ட்ரெட்டியும் இடிக்காமல் ஒதுங்கிப் போய்விட்டார். சுழன்று முடித்தபோது மூக்கு முன்பக்கம் பார்த்தே இருந்தது, கியரைப் போட்டுப் போய்விட்டார். மொத்தம் 200 சுற்றில் அது 120வது சுற்று. இன்னும் 12 சுற்றுதான் மிச்சம் என்று ரேடியோவில் தப்பாகக் காதில் வாங்கி அவசரப்பட்டாராம்! 140வது சுற்றில் மறுபடி அதே ஆண்ட்ரெட்டியை முந்தி ரேஸையும் ஜெயித்தார். கை வேலை கொஞ்சம், அதிர்ஷ்டம் நிறைய என்பது என் கட்சி. அமெரிக்க ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

துபாயில் அஜித் தப்பித்ததும் இந்த ரகம்தானே?
– ஏ.கே. ரசிகர், தண்டையார்பேட்டை

இல்லைங்க. 2025 ஜனவரியில் பயிற்சியின்போது நடந்தது அசல் விபத்து; கார் தடுப்பில் மோதிச் சுழன்றது, அவர் காயமில்லாமல் நடந்து வெளியே வந்தார். அந்தப் பெருமை காருக்குள் இருக்கும் இரும்புக் கூண்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் போக வேண்டும். அதே வாரம் அவர் டீம் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. அதற்கு விசில் அடியுங்கள், நானும் அடிக்கிறேன்.

காசிமேடு பக்கம் மீன் தண்ணி வழிந்த ரோட்டில் பைக் ஸ்கிட் ஆகிறது. மார்க்வெஸ் மாதிரி முழங்கையை ஊன்றி நிமிர்த்த முடியுமா ப்ரோ?
– டெலிவரி வேலை பார்ப்பவர், ராயபுரம்

முடியாது ப்ரோ, முழங்கைதான் போகும். பைக் ரேஸர் மார்க்வெஸ், வண்டி 60 டிகிரிக்கு மேல் சாய்ந்து முன் டயர் வாரும்போது முழங்காலையும் முழங்கையையும் தரையில் அழுத்தி, டயருக்கு மறுபடி பிடி கிடைக்கும்வரை வண்டியைத் தாங்குகிறார். அவர் போட்டிருப்பது தோல் சூட், முட்டியில் தேய்வதற்கென்றே பிளாஸ்டிக் கட்டை, கீழே குண்டு குழி இல்லாத தார். நீங்கள் போட்டிருப்பது கம்பெனி டி-ஷர்ட்.

அவருக்கே எல்லா நாளும் பலிக்கவில்லை. 2020 ஜூலை, ஸ்பெயினில் ஹெரெஸ். முன்னணியில் இருந்தவர் சறுக்கி, விழாமல் சமாளித்து, சரளைக்குள் போய்த் திரும்பினார்; எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். 16வது இடத்திலிருந்து 3வது வரைக்கும் ஏறி வந்தவரை, நான்கே சுற்று பாக்கி இருக்கும்போது வண்டி தூக்கி எறிந்தது. வலது மேல்கை எலும்பு முறிவு. ஒரே வாரத்துக்குள் பயிற்சிக்கு வண்டி ஏறியது பைத்தியக்காரத்தனம் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அந்த சீசனே போனது, ஆபரேஷன் மேல் ஆபரேஷன். 2025ல் டுகாட்டி பைக்கில்தான் மறுபடி உலக சாம்பியன்.

உங்களுக்குத் தேவையானது வேறே. ஈர ரோட்டில் முன் சக்கரம் நழுவினால் முன் பிரேக்கை விடுங்கள், மேலும் அழுத்தாதீர்கள். பின் சக்கரம் நழுவினால் ஆக்சிலேட்டரைப் பட்டென்று மூடாதீர்கள். திடீரென்று பிடி கிடைத்தால் வண்டி உதறித் தூக்கிப் போடும், ரேஸில் ஹைசைடு என்பது இதுதான். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019லிருந்து, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டயர் வழவழ என்று இருந்தால் இதெல்லாம் எதுவும் உதவாது.

சோழவரத்தில் கார் ரேஸ் நடந்ததாமே, நிஜமா?
– செங்குன்றம் வாசகி

நிஜம்தான் அம்மா, உங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன்னால் பல வருஷம் மெட்ராஸ் ரேஸ் என்றாலே சோழவரம்தான், வெளியூர்க்காரர்களும் வந்து ஓட்டினார்கள். அங்கே சுழன்று நிமிர்ந்த வண்டிகளுக்கு வீடியோ கிடையாது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது நேரில் பார்த்திருந்தால் கேட்டு எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போட்டுவிடலாம்.